சுருளியின் தோளுக்கு இரண்டு வாத்தியார்கள்

மலையடிவாரக் காட்டில் சுருளி என்றோர் இளம் காட்டெருமை இருந்தது. மழைக்காலத்தில் வந்த காய்ச்சலில் அதன் உடம்பு உருகிவிட்டது. விலா எலும்பு வெளியே தெரிந்தது. நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது.

கோடை வந்தால் அடிவாரத்தில் புல் கருகிவிடும். கூட்டம் மலையுச்சிக்கு ஏறிவிடும். ஏற முடியாதவர்கள் கீழேயே தங்க வேண்டியதுதான். கீழே செந்நாய்கள் திரிந்தன.

"புல் இருக்கும்வரை உனக்காகக் காத்திருப்போம் சுருளி. அதற்குப் பிறகு கூட்டத்தை என்னால் நிறுத்தி வைக்க முடியாது" என்றது தலைவி காரி.

சுருளி குளக்கரைக்குப் போய்த் தனியாக அழுதது. சேற்றில் புரண்டுகொண்டிருந்த காட்டுப்பன்றிக்கும், கரையில் புற்றைத் தோண்டிக்கொண்டிருந்த கரடிக்கும் அந்தச் சத்தம் கேட்டது. இரண்டும் ஓடிவந்து விஷயத்தைக் கேட்டன.

"இதற்கா அழுகிறாய்? அதோ கிடக்கிறதே மரம், அதைப் போய் முட்டு!" என்றது பன்றி. "கால் மடங்கி விழும்வரை முட்டு! நான் நாள் முழுக்க மண்ணைக் கிளறுகிறேன். என் கழுத்தைப் பார், எப்படித் திரண்டிருக்கிறது!"

"அடப்பாவி, பிள்ளையைக் கொன்றுவிடாதே!" என்றது கரடி. "தின்றால்தான் சதை பிடிக்கும். தின்னு தம்பி, தின்றுகொண்டே இரு! என்னைப் பார்!"

"உன் உடம்பில் இருப்பது கொழுப்பு!"

"உன் தலைக்குள் இருப்பது சேறு!"

கடைசியில் சோதித்தே பார்த்துவிடுவது என்று முடிவானது. வளர்பிறையில் பன்றியின் வழி, தேய்பிறையில் கரடியின் வழி. யாருமே சுருளியைக் கேட்கவில்லை. ஆனாலும் தன்மேல் அக்கறை காட்ட இரண்டு பேர் இருக்கிறார்களே என்று அதற்குச் சந்தோஷம்.

வளர்பிறை முழுவதும் சுருளி விழுந்துகிடந்த மரத்தை முட்டியது. "இன்னும்! இன்னும்!" என்று கத்தியது பன்றி. மேய நேரமே கிடைக்கவில்லை. தோள் வீங்கியது. மரமோ அசையவே இல்லை.

தேய்பிறையில் கரடி பலாப்பழமும் கிழங்குமாகக் கொண்டுவந்து குவித்தது. "இன்னும் ஒரு வாய்!" என்று ஊட்டியது. வயிறு மத்தளம்போல் உப்பியது. மேட்டில் ஏறிப் பார்த்தால் முன்பைவிட அதிகமாக மூச்சு வாங்கியது.

"நீ சரியாக முட்டவில்லை!" என்றது பன்றி.

"நீ சரியாகத் தின்னவில்லை!" என்றது கரடி.

சுருளிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "வாதாடுவது நீங்கள். வலிப்பது எனக்கு! கொஞ்ச நாள் என்னைச் சும்மா விடுங்கள்!" என்று சொல்லிவிட்டுப் புங்க மரத்தடியில் போய்ப் படுத்தது. பசித்தபோது மட்டும் எழுந்து மேய்ந்தது. மற்ற நேரமெல்லாம் தூங்கியது.

சில நாளில் உடம்பு லேசானதும் சும்மா இருக்கப் பிடிக்காமல் மரத்தருகே போய் ஒரு முட்டு முட்டியது. மரம் மெல்ல அசைந்தது!

சுருளியால் நம்பவே முடியவில்லை. ஒரு நாள் முட்டியது. மறுநாள் படுத்தது. பசிக்குத் தின்றது. அப்படியே தொடர்ந்தது.

"சோம்பேறி ஆகிவிட்டாயே!" என்று புலம்பியது பன்றி.

"இளைத்துவிடுவாயே!" என்று கலங்கியது கரடி.

"முட்டவும் செய்கிறேன், தின்னவும் செய்கிறேன். ஆனால் போதும் என்று என் உடம்பு சொன்னால் நிறுத்திக்கொள்கிறேன்" என்றது சுருளி.

கோடை வந்தது. புல் கருகியது. காரி குரல் கொடுத்ததும் கூட்டம் புறப்பட்டது. சுருளியும் சேர்ந்து ஏறியது. செங்குத்தான பாறையில் கால் நடுங்கியபோது நின்றது. மூச்சு சீரானதும் மறுபடி ஏறியது. செந்நாய்களின் ஊளை கீழே தேய்ந்து மறைந்தது. உச்சியில் காற்று சில்லென்று முகத்தில் அடித்தது. முழங்கால் உயரப் பசும்புல்லில் சுருளி வாய் வைத்தது.

அடிவாரத்தில் பன்றியும் கரடியும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன.

"என் வழியில்தான் ஏறினான்!" என்றது பன்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"போடா, நான் ஊட்டியதில்தான் ஏறினான்!" என்றது கரடி. அதுவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டது.

அன்போடு சொல்பவர்களின் அறிவுரையைக் கேட்டுக்கொள்ளலாம்; ஆனால் அது நமக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை நம் உடம்பிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.