இரண்டரை மில்லி

சிவகாசியில் மருந்து பாட்டிலுக்கு லேபிள் அச்சடிக்கும் ஆலை ஒன்றுக்கு ஒரு கேமரா வந்து சேர்ந்தது. கேமராவோடு ஜெசிந்தாவும் வந்தார். தூத்துக்குடிக்காரர், முப்பது வயது. கேமராவை மாட்டி, ஆலைக்காரர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போவது அவருடைய வேலை.

கற்றுக்கொள்ள முன்வந்தவர் ஞானதுரை. வயது ஐம்பத்திரண்டு. அதே ஆலையில் பத்தொன்பது வருடம் பேப்பர் ரோல் ஏற்றி இறக்கியவர். முதுகு மக்கர் செய்யத் தொடங்கியதும், உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது கொடுங்கள் என்று கேட்டு இதை வாங்கிக்கொண்டார்.

முதல் நாளே அவர் ஜெசிந்தாவை "டீச்சர்" என்று கூப்பிட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஞானதுரை சிரிக்கவில்லை.

"டீச்சர், இது எப்படித் தப்பைக் கண்டுபிடிக்கும்?"

"சரியான லேபிள் ஒண்ணை இதுக்குக் காட்டி வச்சிருக்கேன் அண்ணாச்சி. ஓடுற ஒவ்வொரு லேபிளையும் படம் பிடிச்சு அதோட ஒத்துப் பார்க்கும். வித்தியாசம் தெரிஞ்சா மெஷினை நிறுத்திட்டு சிவப்பு விளக்கைப் போடும்."

"பிறகு?"

"பிறகு நீங்க பார்க்கணும். தப்பா இருந்தா எடுத்துடுங்க. சரியா இருந்தா பச்சைப் பொத்தானை அமுக்குங்க. மறுபடி ஓடும்."

ஒரு வாரத்தில் ஞானதுரை பழகிவிட்டார். ஆனால் விளக்கு ஓயவில்லை. ஒரு தூசி விழுந்தால் எரிந்தது. ஊசி முனையளவு மை தெறித்தால் எரிந்தது.

"இதுக்கெல்லாமா நிக்கணும் டீச்சர்? மருந்து வாங்குறவங்க கண்ணுக்கே தெரியாதே."

"தளர்த்தி வைக்கலாம், நான்தான் வைக்கலை. கெடுபிடியாவே இருக்கட்டும் அண்ணாச்சி. ஒரு தப்புகூட வெளியே போயிடக் கூடாது."

ஞானதுரை தலையாட்டினார். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அந்த வியாழக்கிழமை, கைக்குழந்தைகளின் காய்ச்சல் மருந்துக்கு லேபிள் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் விளக்கு எரிந்தபோதெல்லாம் ஞானதுரை குனிந்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுப் பார்த்தார். தூசி. மறுபடி தூசி. பத்து மணிக்கு மேல் குனிவதை விட்டார். பதினொரு மணிக்கெல்லாம் கண் பார்க்கும் முன்பே விரல் பச்சைப் பொத்தானுக்குப் போனது.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். வெள்ளைவெளேரென்ற தயிர்சாதத்தில் ஒரே ஒரு கடுகு தனியாகக் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வாய்க்கு எடுத்த கை அப்படியே நின்றது.

ஒரு வேளைக்கு 2.5 மில்லி என்று இருக்க வேண்டிய இடம். காலையில் எப்போதோ, ஒரு லேபிளில், அந்த இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவே வெறும் வெள்ளையாக இருந்தது. அவர் அதைப் பார்த்திருந்தார். பார்த்துவிட்டுப் பச்சையை அமுக்கியிருந்தார்.

குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். ஆயிரக்கணக்கில் ஒன்றே ஒன்று. யாருக்குத் தெரியப் போகிறது? வெளியே தெரிந்தால் மறுபடி ரோல் தூக்கப் போக வேண்டும். இந்த முதுகோடு எப்படித் தூக்குவது? கை சுத்தமான பிறகும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

குழாயை மூடிவிட்டு ஜெசிந்தாவிடம் போனார்.

"டீச்சர், நான் ஒண்ணை விட்டுட்டேன்."

கேமரா எடுத்த படங்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் இருந்தன. ஜெசிந்தா தேடி எடுத்தார். 25 மில்லி. அச்சுத் தகட்டில் ஏதோ ஒரு நூலிழை ஒரு சுற்று ஒட்டியிருந்து உதிர்ந்திருக்கிறது. அந்த ஒரு லேபிளில் மட்டும் புள்ளி விழவில்லை. விளக்கு எரிந்ததற்கும் பச்சைப் பொத்தான் அமுங்கியதற்கும் நடுவே ஒரு நொடிகூட இல்லை.

ஜெசிந்தா திட்டவில்லை. "லேபிள் ஏத்தின வண்டி கிளம்பிடுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

வண்டி கல்லுப்பட்டியைத் தாண்டியிருந்தது. டிரைவருக்கு போன் போட்டுத் திரும்பி வரச் சொன்னார்கள். அந்த நேரத்தில் ஓடிய ரோல்கள் நான்கு. நான்கையும் மேஜையில் போட்டு, ஞானதுரை ஒரு பக்கமும் ஜெசிந்தா ஒரு பக்கமுமாக உட்கார்ந்து, லேபிள் லேபிளாகப் பிரித்துப் பார்த்தார்கள். மூன்றாவது ரோலின் நடுவில் அது கிடைத்தது. ஞானதுரை அதைக் கிழித்து எடுத்தார்.

மேனேஜர் திரவியம் ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தார்.

"வண்டி ஏன் திரும்புச்சுன்னு மருந்து கம்பெனிக்காரங்க கேக்குறாங்க. பதில் எழுதணும். யாரால நடந்துச்சுன்னு பேர் வேணும்."

அவர் போனதும் ஞானதுரை பேனாவை எடுத்துத் தன் பெயரை எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"கேமரா பார்த்துச்சு. நிறுத்திச் சொல்லவும் செஞ்சுது. என் கண்ணும் பார்த்துச்சு டீச்சர், சத்தியமாப் பார்த்துச்சு. பிறகு எப்படி விட்டேன்?"

ஜெசிந்தா கம்ப்யூட்டர் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். அன்று காலையிலிருந்து மெஷின் நின்ற ஒவ்வொரு தடவைக்கும் ஒரு படம் இருந்தது. முதல் படத்தைப் பெரிதாக்கினார்.

"இது என்ன அண்ணாச்சி?"

"தூசி."

"இது?"

"தூசி."

"இது?"

"மை கொஞ்சம் தெறிச்சிருக்கு. பரவாயில்லை, ஓடலாம்."

அடுத்தது. அதற்கடுத்தது. ஞானதுரை சொல்லிக்கொண்டே வந்தார். தூசி. மை. தூசி. தூசி. சொல்லிச் சொல்லி அவர் குரல் தேய்ந்தது. ஜெசிந்தா அவசரப்படவில்லை. ஒரு படத்தைக்கூடத் தாண்டவில்லை. புள்ளியில்லாத லேபிள் வந்தபோது ஞானதுரை விரலால் காட்டினார். அதற்குப் பிறகும் படங்கள் வந்தன. மறுபடி தூசி. மறுபடி மை.

கடைசிப் படமும் முடிந்தது.

"மொத்தம் எத்தனை தடவை நின்னுச்சு அண்ணாச்சி?"

ஞானதுரை திரையின் ஓரத்தைப் பார்த்தார். "நூத்தி எண்பத்திமூணு."

"அதுல நிஜமான தப்பு?"

"ஒண்ணு." அவர் குனிந்துகொண்டார். "அந்த ஒண்ணைத்தான் விட்டேன்."

ஜெசிந்தா தாளைத் தன் பக்கம் இழுத்தார். ஞானதுரையின் பெயருக்கு மேலே தன் பெயரை எழுதினார்.

ஞானதுரை பதறிப்போய் எழுந்தார். "என்ன டீச்சர் செய்றீங்க? தப்பு என்னோடது."

"அந்த ஒண்ணு உங்களோடது அண்ணாச்சி. மிச்சம் நூத்தி எண்பத்திரெண்டும் என்னோடது."