சொத்தையே இல்லாத வாய்கள்

முன்னொரு காலத்தில், அரசருக்குப் பல் வலித்தால் ஊரே கன்னத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டிய நாடு ஒன்று இருந்தது. அந்த அரசருக்குத் திடீரென ஓர் ஆசை: தம் நாட்டில் எவர் வாயிலும் சொத்தைப் பல் இருக்கக் கூடாது. சொல்ல வேண்டுமா? அரண்மனை வைத்தியர் அமிர்தலிங்கப் பண்டிதர் ஒரு சிவப்புப் பல்பொடியோடு வந்து நின்றார். நூறு பேரிடம் கொடுத்து ஓராண்டு தேய்க்கச் சொன்னார். முடிவில் அவரே வாய் வாயாகப் பார்த்துவிட்டுச் சபையில் முழங்கினார்.

"அரசே! சோதனைக்கு வந்தவர்களில் ஒருவர் வாயிலும் சொத்தை இல்லை!"

அரசர் பூரித்துப்போனார். வருகிற வெள்ளி முதல், குழந்தைகள் உட்பட எல்லாரும் அந்தப் பொடியால்தான் பல் தேய்க்க வேண்டும், மறுத்தால் சிறை என்று ஆணை பிறந்தது.

சபையில் விகடம் பேசிப் பிழைக்கும் அம்பலவாணனால் மட்டும் அதைக் கேட்டு மகிழ முடியவில்லை. அந்த நூறு பேரில் அவன் மனைவி பூங்கோதையும் ஒருத்தி. பொடி தேய்த்த சில மாதங்களிலேயே அவளுக்கு ஈறு வீங்கிப் புண்ணாகி, பற்கள் ஒவ்வொன்றாக ஆடி விழுந்தன. இப்படி வலி பொறுக்காமல் பொடியை விட்டவர்களைப் 'பாதியில் போனவர்கள்' என்று பண்டிதர் ஒதுக்கிவிட்டார். ஏன் போனார்கள் என்று கேட்க ஒரு நாதியில்லை. சின்ன வயதிலேயே பொக்கை வாயோடு அவள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். மகள் குயிலிக்கு இப்போதுதான் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கிறது. அதையும் வெள்ளிக்கிழமை பலி கொடுக்க வேண்டுமாம்.

முறையிடாமலா இருந்தான்? பண்டிதரிடம் சொன்னான், "விட்டுப் போனவளைக் கணக்கில் சேர்க்க இயலாது" என்றார். அரசர் முன் அழுதான். விகடம் பேசுகிறவன் அழுதால் அதுவும் விகடம்தானே? சபை கைதட்டிச் சிரித்தது.

வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

"அழுதா நம்ப மாட்டாங்கன்னா, சிரிக்க வச்சுச் சொல்லுங்க," என்றாள் பூங்கோதை. "என்னைக் கூட்டிட்டுப் போய் என் வாயைக் காட்டுங்க."

"சபையே உன்னைப் பாத்துச் சிரிக்கும்டி."

"சிரிச்சுட்டுப் போகட்டும். புள்ளைக்குப் பல்லு வேணும்."

வியாழக்கிழமை அவன், பாதியில் போனவர்களை வீடு வீடாகத் தேடித் திரட்டி, முக்காடிட்டுச் சபைக்கு அழைத்து வந்தான்.

"அரசே! பண்டிதர் காட்டிய வாய்களை வெல்லும் வாய்கள் இவை. ஒரு சொத்தை கண்டாலும் என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள்."

பண்டிதர் ஏளனமாக எழுந்தார். "சொத்தை உண்டா, இல்லையா? நான் பார்ப்பது அது ஒன்றுதான்."

"அதை மட்டுமே பாருங்கள், ஐயா."

முக்காடுகள் விலகின. வாய்கள் திறந்தன. எங்கும் வெறும் ஈறு. முதலில் நின்றவள் பூங்கோதை.

"ஒரு சொத்தையாவது உண்டா, பண்டிதரே?"

பண்டிதர் வரிசையின் கடைசி வரை பார்த்து வந்தார். "இ... இல்லை."

"அரசே! இவர்களும் பண்டிதரின் பொடியைத் தேய்த்தவர்களே. பல் பிழைத்தவர்கள் சோதனைக்கு வந்தார்கள். பல் போனவர்கள் வீட்டில் கிடந்தார்கள். நாளை முதல் நாடெங்கும் இதைக் கொடுங்கள். சொத்தை என்ற பேச்சே இராது!"

அரசர் அந்தப் பொக்கை வாய்களை மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சபையும் சேர்ந்துகொண்டது. பூங்கோதை கூசிக் குறுகினாள். ஆனாலும் வாயை மூடவில்லை. அவளைப் பார்க்கத் தெம்பில்லாமல் அம்பலவாணன் தரையைப் பார்த்தான்.

"என்ன பரிசு வேண்டும்? கேள்!"

"பொடியைக் குழியில் கொட்ட வேண்டும், அரசே. இனி மருந்து செய்தவரே அதைச் சோதிக்கக் கூடாது. யார் மருந்தைப் பயன்படுத்தினார், யார் பயன்படுத்தவில்லை என்று அறியாத ஒருவர் பார்க்கட்டும். பாதியில் போனவர்களை முதலில் எண்ணட்டும்."

"அவ்வாறே ஆகட்டும்!" என்ற அரசர், சிரிப்பு அடங்காமலே தம் முத்துமாலையைக் கழற்றிப் பூங்கோதையிடம் கொடுத்தார்.

குயிலியின் பல் பிழைத்தது. பூங்கோதை முத்துகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

"இதுல பாதி என் வாயில இருந்திருந்தா, இன்னைக்கு ஒரு முறுக்கு கடிச்சிருப்பேன் சாமி," என்றாள்.

அதற்கும் அரசர் விழுந்து விழுந்து சிரித்தார்.