குறி தவறாத குண்டு

மலையடிவாரத்தில் ஒரு துப்பாக்கி கிளப். அதன் தலைவர் ரத்தினசபாபதி, மில் முதலாளி. குழலின் உள்ளே சுருள் சுருளாகப் பள்ளம் வெட்டிய புது ஷாட்கன் ஒன்று வாங்கியிருந்தார். ஒற்றைக் குண்டு போட்டுச் சுடுகிற துப்பாக்கி. அவர் சுட்டதெல்லாம் குறியில் படாமல் பின்னாலிருந்த மண்மேட்டில் போய்ப் புதைந்தது. ஒவ்வொரு தடவையும் குண்டு மேல்தான் பழி. குண்டு வாங்கி வந்த இரண்டு பேரை வேலையை விட்டே அனுப்பிவிட்டார்.

அடுத்து மாட்டியவள் ஸ்டோர் பார்க்கும் மாசாணி.

"ஞாயித்துக்கிழமை எல்லா மெம்பரும் வர்றாங்க. இந்தத் துப்பாக்கிக்கு ஏத்த, குறி தப்பாத குண்டா நீ எடுத்து வைக்கணும். தப்புச்சுன்னா உன் சீட்டும் கிழிஞ்சுது!"

மாசாணி தலையாட்டினாள். "சரிங்க சார்" என்றாள்.

ஞாயிறன்று எல்லார் முன்னாலும் துப்பாக்கியை மணல் மூட்டைகளுக்கு நடுவே அசையாமல் பதித்தாள். குறி பார்த்து, விசையில் கயிறு கட்டித் தள்ளி நின்று இழுத்தாள். முதலில் போட்ட வகை ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் இடத்தில் பட்டது. பிளாஸ்டிக் உறை போட்ட வகையோ சுடச் சுட நட்டநடுவிலேயே துளைத்தது.

"இதுதான்யா குண்டு!" என்று தலைவர் துள்ளி எழுந்து துப்பாக்கியைக் கையில் எடுத்தார். அதே குண்டைப் போட்டுச் சுட்டார். மண்மேட்டில் புழுதி கிளம்பியது.

"என்னம்மா இது?" என்று உறுமினார்.

மாசாணி பணிவாகச் சொன்னாள்: "துப்பாக்கிக்கும் குண்டுக்கும் பொருத்தம் பாக்கச் சொன்னீங்க, பாத்துட்டேன் சார். உங்களுக்கும் துப்பாக்கிக்கும் பாக்கச் சொல்லலியே!"

மெம்பர்கள் சிரித்த சிரிப்பில் தலைவருக்கு அவளை வேலையை விட்டு நிறுத்த வாய் வரவில்லை. மறுநாளிலிருந்து கிளப்பின் கோச்சிடம் பயிற்சிக்கு வந்து நின்றார்.