மூட்டைக்குள் மருளி

கூடாரம் தூக்கித் திரிந்த அந்தக் கூட்டம், "மருளிப் பேய் ஒழிக!" என்று கத்தாமல் காலைக் கஞ்சி குடிக்காது. பேயை விரட்டுகிறேன் என்று தலைவர் வேங்கையன் வீட்டுக்கொரு ஆடு வாங்கித் தின்று கொழுத்தார்.

"பேயை யாருங்க பார்த்தது?" என்று கேட்டுத் தொலைத்தாள் கழுதை மேய்க்கும் செங்காரி.

"நீயே பிடிச்சிட்டு வா. இல்லன்னா கூட்டத்தை விட்டுப் போ!" என்று சீறினார் தலைவர்.

மறுநாள் துள்ளும் மூட்டையோடு வந்தாள். "பிடிச்சாச்சு ஐயா. கொளுத்திடலாமா? இனி யாரும் உங்களுக்கு ஆடு தர வேண்டாம்."

தலைவர் குறுக்கே பாய்ந்தார். "ஐயோ, அவுத்து விடுடி! அது இல்லாம நான் எப்படிப் பிழைக்கிறது?"

அவிழ்த்தாள். போன மாதம் மருளி தின்றுவிட்டதாகத் தலைவர் சத்தியம் செய்த அவளுடைய கிடா வெளியே குதித்து, பழகிய தீவனத்தைத் தேடித் தலைவரின் கூடாரத்துக்குள் ஓடியது.

அடுத்த நாளும் கஞ்சிக்கு முன்னால் கூட்டம் கத்தியது:

"வேங்கையன் ஒழிக!"