கல்மேட்டில் நின்ற பைன்

கல... கல... கல...

புதருக்குள்ளிருந்து சத்தம்தான் முதலில் வந்தது. அப்புறம் முட்கள் தெரிந்தன. அப்புறம் மூக்கு. சிலுப்பி என்ற முள்ளம்பன்றி, கோபத்தையெல்லாம் முதுகில் குலுக்கிக்கொண்டே புல்வெளிக்கு வந்தாள்.

மேல்மலைக் காட்டில் அன்று கூட்டம். கூட்டமே அவளைப் பற்றித்தான்.

“மறுபடியும் ஒரு மரத்தின் பட்டையைக் கடித்துவிட்டாள்!” என்றது கருமந்தி. “பகலெல்லாம் தூக்கம், ராத்திரியானால் கொறிப்பு! இவளை மலையை விட்டு அனுப்புங்கள், பெரியவரே!”

இரவில் வேலை செய்கிறவர்களைப் பற்றிப் பகலில் பேசுவது சுலபம். சிலுப்பி கிழங்குக்காகத் தோண்டிய குழிகளில் எத்தனை விதைகள் விழுந்து முளைத்தன என்று ஒருவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

பெரியவரான காட்டெருமை வாய் திறப்பதற்குள் வானத்திலிருந்து ஏதோ ‘தொப்’பென்று விழுந்தது. செதில் செதிலாக ஒரு காய். பின்னாலேயே பூனைப்பருந்து இறங்கியது. வருடா வருடம் பனிக்காலத்துக்கு வரும் விருந்தாளி அது.

“என்ன மாமா இது?” என்று கேட்டது கரடி.

“மத்தியதரைக் கடற்கரைப் பைன் மரத்தின் காய். வளர்ந்தால் குடை விரித்த மாதிரி நிற்கும். உள்ளே இருக்கிற பருப்பிடம் முந்திரி தோற்றுப்போகும்!”

“இங்கே வளருமா?”

“தெரியாது. உங்கள் மலைக் குளிர் அங்கே கிடையாது. வெயில் கொளுத்தும். மழை கொஞ்சம். மண் என்று பேர்தான், பாதிக்கு மேல் கல்லும் மணலும்.”

கரடிக்குக் கண் கலங்கிவிட்டது. “அய்யோ பாவம்! பிறந்ததிலிருந்து பட்டினி! இங்கேயாவது வயிறாரச் சாப்பிடட்டும்!”

எல்லோரும் தலையாட்டினார்கள். கருமந்தி காயைப் பிரித்தது. சொத்தை போக ஐந்து விதைகள் தேறின.

“எனக்கு ஒன்று கொடுங்கள்!” என்றாள் சிலுப்பி.

கருமந்தி விழுந்து விழுந்து சிரித்தது. “மரத்தைத் தின்கிறவளுக்கு மரமா!”

“கொடுத்துத்தான் பாருங்களேன். இந்தப் பனிக்காலத்தோடு சேர்த்து மூன்றாவது பனிக்காலத்தில் என் மரம் உயிரோடு இல்லையென்றால், நீங்கள் துரத்தவே வேண்டாம். நானே மலையை விட்டுப் போகிறேன்!”

“நடுவில் நீயே கடித்துவிட்டால்?” என்றது காட்டெருமை.

“ஒரு பல் பட்டாலும் அன்றைக்கே போகிறேன்.”

இந்த மலையைத் தவிர வேறு இடம் அவளுக்குத் தெரியாது. சொன்ன பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. ஆனால் சொன்னது சொன்னதுதான். இருப்பதிலேயே சின்ன விதையை அவள் பக்கம் உருட்டிவிட்டார்கள்.

மற்ற நான்கையும் பள்ளத்தில் ஓடையோரம் நட்டார்கள். காற்று படாத இடம், கரிசலான மெத்தை மண். காட்டெருமை தினமும் சாணம் போட்டது. கரடி காலையும் மாலையும் தண்ணீர் இறைத்தது. கருமந்தி பாசியைக் கொண்டுவந்து போர்த்தியது.

சிலுப்பி தன் விதையைச் சொந்த வளை வாசலில் நட்டாள். தெற்கு வெயில் விழும் சரிவு அது. வளை தோண்டும்போது அவள் வெளியே தள்ளிய கல்லும் சரளையும் அங்கே மேடாகக் கிடந்தன. எவ்வளவு மழை பெய்தாலும் அந்த மேட்டில் தண்ணீர் நிற்காது.

இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். விடியற்காலையில் அவள் வீடு திரும்பும்போது பள்ளத்தில் உறைபனி பாதத்தைக் குத்தும். சரிவில் பாதி ஏறினால் குத்தாது. குளிரும் தண்ணீர் மாதிரிதான், பள்ளம் பார்த்து இறங்கித் தேங்கும். மற்றவர்கள் எழுந்திருக்கும் நேரத்தில் வெயில் அந்தத் தடயத்தைத் துடைத்துவிட்டிருக்கும்.

“தண்ணீர் ஊற்றவில்லையா?” என்று கேட்டது கரடி.

“மழை ஊற்றும்.”

“எரு?”

“வேண்டாம்.”

“ஒரு போர்வையாவது?”

“வெயில் படட்டும் அண்ணே.”

“கல்நெஞ்சுக்காரி!” என்று முணுமுணுத்துவிட்டுப் போனது கரடி.

ஆடி மழையில் பள்ளத்துக் கன்றுகளில் இரண்டு வேரழுகிச் சாய்ந்தன. மற்ற இரண்டும் தளதளவென்று கிளம்பின. கருமந்தி அவற்றைச் சுற்றிக் குதித்துக்கொண்டே இருந்தது. சிலுப்பியின் கன்று ஒரு விரல் உயரம்தான். சாம்பல் பூத்த நிறம், விறைத்த ஊசி இலைகள்.

“எல்லோரும் வாருங்கள்! சிலுப்பி குட்டி போட்டிருக்கிறாள்! அதற்கும் முள்!” என்று கத்தியது கருமந்தி.

மார்கழி பிறந்தது. மூன்று நாள் விடாமல் உறைபனி. நான்காம் நாள் காலையில் பள்ளத்துக் கன்றுகள் இரண்டும் வெந்த கீரையாகத் தொங்கின. கரடி பாசியை விலக்கிப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தது. கல்மேட்டுக் கன்றின் நுனி மட்டும் கொஞ்சம் சிவந்திருந்தது.

“இன்னும் ஒரு பனிக்காலம் இருக்கிறது!” என்றது கருமந்தி. அதன் குரலில் பழைய சுருதி இல்லை.

அடுத்த வருடம் மழை பொய்த்தது. கிழங்கே இல்லை. சிலுப்பிக்குப் பசி. கன்று இப்போது அவள் முழங்கால் உயரம். இளம்பட்டையின் பிசின் வாசனை வாசலிலிருந்து வளைக்குள் வந்து அவள் பல்லைக் கூசவைத்தது. அவள் வாசலுக்கு வந்தாள். நின்றாள். திரும்பிப் போய், கடமான் உதிர்த்துவிட்டுப் போன பழைய கொம்பை விடியும்வரை கடித்தாள். அப்படி எத்தனை இரவு என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாவது பனிக்காலம் வந்தது. பூனைப்பருந்தும் வந்தது. உறைபனி கொட்டி ஓய்ந்த ஒரு காலையில் எல்லோரும் சரிவேறினார்கள்.

முள்ளைச் சிலிர்த்தால் சிலுப்பி எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்தில் நின்றது பைன். காட்டெருமை அதை மூன்று முறை சுற்றியது. குனிந்து அடித்தண்டை முகர்ந்தது.

“ஒரு பல் தடம்கூட இல்லை” என்றது.

“இந்தக் குளிரிலா! எங்கள் ஊர் மரமா!” என்று வியந்தது பூனைப்பருந்து.

கல... கல... கல...

சிலுப்பியின் முதுகில் அத்தனை முள்ளும் எழுந்து நின்றன. இந்த முறை கோபத்தில் இல்லை.

“விதை உங்கள் ஊருடையது, மாமா. மரம் எங்கள் ஊருடையது!”

கருமந்தி தலையைச் சொறிந்தது. “சிலுப்பி அக்கா... அடுத்த காய் வந்தால் எங்கே நடலாம்?”

“இப்போதுதான் அக்காவா? சாயங்காலம் வா, காட்டுகிறேன். வளைக்குள் நேற்று மண் சரிந்து கிடக்கிறது.”

அவள் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் வளைவாசல் வழியாக ஒரு கல் உருண்டு வந்து பைன் மரத்தடியில் நின்றது. அப்புறம் இன்னொன்று.

ஒன்றை வளர்க்க விரும்புகிறவர், தமக்குச் சுகமானதை அதன்மேல் கொட்டாமல், அதற்கு ஒத்துவருவது எது என்று பார்த்துச் செய்ய வேண்டும்.