மழைக்காலத்து ஆள் மாற்று

ஆற்றுக்குத் தென்கரையில் ஒரு ராஜா, வடகரையில் ஒரு ராஜா. இரண்டு பேருக்கும் எல்லைத் தகராறு கிடையாது, தண்ணீர்த் தகராறு கிடையாது. கிட்டிப்புள்தான் தகராறு.

தை மாதம் வந்தால் ஆற்று மணலில் இரண்டு அணிகளும் மோதும். தோற்ற ராஜா, ஜெயித்த ராஜாவுக்குக் குடை பிடித்துக்கொண்டு ஊர்வலம் முழுக்க நடக்க வேண்டும். தென்கரை ராஜா கோதண்டராயர் வருஷா வருஷம் குடை பிடித்துப் பிடித்து, அவருடைய வலது தோள் கொஞ்சம் உயர்ந்தே போய்விட்டது. அரண்மனைத் தையல்காரர் அதற்கேற்ற மாதிரி அங்கி தைக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

தோல்விக்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். காரணத்தின் பெயர் திருமேனி. ராணி குமுதவல்லிக்கு ஒரே தம்பி.

திருமேனி ஓங்கி அடித்தால் புள் குழிமேலேயே கிடக்கும், கையிலிருக்கும் கிட்டி பறக்கும். ஒருமுறை பறந்த கிட்டி பூசாரியின் பொங்கல் பானையை உடைத்தது. "அத்தான், வெயில் கண்ணைக் கூசிடுச்சு!" என்று நடு மைதானத்திலிருந்து கத்துவார். அத்தானாகிய ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு கைதட்டுவார். வேறென்ன செய்வார்? "இந்தத் தடவை தம்பிக்கு ஓய்வு கொடுக்கலாமா?" என்று ராணியிடம் ஒரே ஒரு நாள் கேட்டுப் பார்த்தார். அதற்கப்புறம் வெகுநாள் வரைக்கும் அரண்மனை அடுப்பில் பாகற்காயைத் தவிர வேறொன்றும் வேகவில்லை.

மழைக்காலம் வந்தது. ஆட்டம் கிடையாது. யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது என்று அணியைச் சரிசெய்கிற காலம் அதுதான். இரண்டு கரைக்காரர்களும் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய ஆளை அடுத்த மழை வரைக்கும் திருப்பி அனுப்பக் கூடாது.

ராஜா அனவரதனைக் கூப்பிட்டார். சபையில் அனவரதனுக்கு என்ன வேலை என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் ராஜாவுக்குச் சிக்கல் என்றால் முதலில் தேடுவது அவனைத்தான்.

"அனவரதா, வரும் தையில் என் மச்சான் ஆடக் கூடாது."

"சரி மகாராஜா."

"ராணிக்குக் கோபம் வரக் கூடாது."

"ச...ரி மகாராஜா."

"நம்முடைய நல்ல ஆட்டக்காரன் ஒருத்தனைக்கூட வெளியே விடக் கூடாது."

அனவரதன் அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தான்.

"என்ன, வாயைக் காணோம்?"

"இப்போதுதான் உள்ளே போயிற்று மகாராஜா."

"முடியாவிட்டால் உன்னையே கம்பாக்கி, தலைக்கு மேலே குடைத்துணியைக் கட்டி, ஊர்வலத்தில் தூக்கிக்கொண்டு போவேன்!"

அனவரதன் அந்த மழையிலேயே பரிசல் ஏறி வடகரைக்குப் போனான். போன ஈரம் காய்வதற்குள் திரும்பி வந்து ராணியின் முன்னால் நின்றான்.

"அம்மா, வடகரை ராஜா உங்கள் தம்பியைத் தன் அணிக்குக் கேட்கிறார்."

"எங்க திருமேனியையா?" ராணிக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "அவன் அருமை இங்கே ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஆற்றைத் தாண்டித் தெரிந்திருக்கிறது பார்!" உடனே புருவம் நெரிந்தது. "பதிலுக்கு யாரைத் தருகிறாராம்? ஏதாவது சோப்ளாங்கியைத் தள்ளிவிடப் பார்க்கிறாரா?"

"விடுவேனா அம்மா? அந்த ராஜாவே எழுந்து நின்று வரவேற்கிற ஆளைத் தந்தால்தான் பேச்சு என்று கறாராகச் சொல்லிவிட்டேன். சொக்கேசர் என்று பெயர்."

"அப்படியென்றால் சரி," என்றாள் ராணி. தம்பிக்கு மூட்டை மூட்டையாக அதிரசம் கட்டி அனுப்பினாள்.

சொக்கேசர் வந்து சேர்ந்தார். மழை விட்டதும் ராஜா ஆசை ஆசையாக மைதானத்துக்குப் போனார். சொக்கேசர் முதல் அடி அடித்தார். பட்டது தன் முழங்காலில். இரண்டாவது அடி காற்றில். அடுத்த அடிக்குக் குனிந்தபோது, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நாய் புள்ளைக் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது.

"தரை ஈரம்," என்றார் சொக்கேசர் கம்பீரமாக.

ராஜா கொதித்துப்போனார். அனவரதனைத் தனியே இழுத்துக்கொண்டு போனார். "அடேய், ஒரு ஓட்டைப் பானையைக் கொடுத்துவிட்டு இன்னொரு ஓட்டைப் பானையையா வாங்கி வந்தாய்?"

"ஆமாம் மகாராஜா. தேடிப் பிடித்து வாங்கினேன்."

"என்ன திமிர் உனக்கு!"

"போன தையில் கவனித்தேன் மகாராஜா. இவர் எத்தனையோ தடவை தவறவிட்டார். வடகரைக் கூட்டத்தில் ஒருத்தன் சிரிக்கவில்லை, ஒருத்தன் திட்டவில்லை. அந்த ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு கைதட்டினார். எங்கேயோ பார்த்த கைதட்டல் மாதிரி இருந்தது."

ராஜாவின் கோபம் பாதியில் நின்றது. "அப்படியென்றால், இந்த மனுஷன்..."

"வடகரை ராணியின் அண்ணன். நான் பேசி முடிப்பதற்குள் அந்த ராஜா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அழுதே விட்டார், பாவம்."

"சரி, அதனால் நமக்கு என்ன லாபம்?"

"இவரை ஆடவிடாமல் உட்கார வையுங்கள்."

"உட்கார வைத்தால் ராணி சும்மா..." ராஜா பழக்கதோஷத்தில் அந்தப்புரத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எந்த ராணி மகாராஜா? இவருக்காகக் கோபப்படுகிற ராணி ஆற்றுக்கு அந்தப் பக்கம் அல்லவா இருக்கிறார்!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று காதில் தொங்கியது.

தை வந்தது. வடகரை ராஜா தனக்குப் பக்கத்தில் மெத்தை போட்டுத் திருமேனியை உட்கார வைத்திருந்தார். "பாருங்கள், அங்கே என் தம்பிக்கு எவ்வளவு மரியாதை! நீங்கள் வெயிலில் நிற்க வைத்தீர்களே!" என்று ராணி பூரித்துப் போனாள். தென்கரை ராஜாவும் சொக்கேசருக்கு ஒரு மெத்தை போட்டார். ஆட்டம் இழுபறியாகப் போய்க் கடைசியில் தென்கரை ஜெயித்தது. வடகரை ராஜா பிடித்த குடையின் நிழலில் வீதி சுற்றி வந்த கோதண்டராயர், அரண்மனை வாசலுக்கு வந்ததும் அனவரதனைக் கட்டிக்கொண்டார்.

"கேள்! நிலமா, பொன்னா? என்ன வேண்டும் உனக்கு?"

அனவரதன் தலையைச் சொறிந்தான்.

"அதெல்லாம் வேண்டாம் மகாராஜா. வடகரையில் எந்த வீட்டிலாவது, விருந்துக்கு வந்த மச்சான் கிளம்பாமல் தங்கிவிட்டாரா என்று மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள். மாற்றிக்கொள்ள என் வீட்டில் ஒருத்தர் இருக்கிறார்."