முரசுக் கண்காணிப்பாளரின் ஏழு நாட்கள்

வெகு காலத்துக்கு முன்பு செந்நீர் நாடு என்றொரு நாடு இருந்தது. அதை ஆண்டவன் மகிழ்மாறன். காலையில் ஒரு சட்டம் போடுவான், சாப்பாட்டுக்குப் பிறகு அதற்கு நேர்மாறாக இன்னொன்று போடுவான். அவனிடம் பதினெட்டு வருஷம் மந்திரியாக இருந்து, தலையும் தப்பி, தூக்கமும் தப்பாமல் காலம் தள்ளியவர் எழினியார்.

எழினியார் தலைநகரில் ஒரு பள்ளிக்கூடம் கட்டியிருந்தார். ராஜா அதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் சபையில் வாயாரப் புகழ்ந்தான். அன்றிலிருந்து வெற்றிமுரசின் கண்காணிப்பாளர் வீரசேகரருக்குச் சோறு இறங்கவில்லை. ராஜாவின் காதருகே போய், அந்தப் பிள்ளைகள் கணக்கும் செய்யுளும் கற்றதோடு சரி, வெளியே வந்தால் என்ன வேலை செய்வது என்று ஒன்றுக்கும் தெரியாது, அந்தக் கட்டடம் ஆயுதக் கிடங்காக இருந்தாலாவது பயன்படும் என்று ஓதினார்.

ராஜாவுக்கு உடனே சூடு பிடித்துக்கொண்டது. "எழினியாரே, இந்த வருஷம் படிப்பு முடிக்கிறவர்கள் எத்தனை பேர்?"

"பன்னிரண்டு பேர், மகாராஜா."

எட்டாம் நாள் பன்னிரண்டு பேரும் சபைக்கு வர வேண்டும். தான் செய்யப்போகும் வேலை இன்னது, அதில் காலை முதல் மாலை வரை நடப்பது இன்னது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். ஒருவர் திணறினாலும் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு. இதுதான் உத்தரவு.

எழினியார் யோசித்துக்கொண்டே நடந்தார். வீடு போய்ச் சேருவதற்குள் வழி கிடைத்துவிட்டது. மறுநாள் பிள்ளைகளை அரண்மனைக்குக் கூட்டிவந்து, ஆளுக்கொரு வேலைக்காரர் பின்னால் நிழல்போல அனுப்பினார். யானைப்பாகன், சமையல்காரர், தச்சர், மருத்துவர், ஓலை எழுதுகிறவர் என்று வரிசையாக. அவர் சொல்லியனுப்பியது ஒன்றே ஒன்றுதான்: கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள், அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை எழுதாதீர்கள்.

அப்போது வீரசேகரர் தானாகவே முன்வந்தார். இருப்பதிலேயே கெட்டிக்காரி யார் என்று விசாரித்து, பூ வியாபாரி மகள் அஞ்சலையைத் தன்னோடு அனுப்பச் சொன்னார். அவளுக்கு எதையும் காட்டாமல் ஏழு நாளும் வாசலிலேயே நிறுத்திவைத்தால் போதும், பள்ளிக்கூடம் தானாகப் பூட்டிக்கொள்ளும் என்பது அவர் கணக்கு.

மூன்றாம் நாள் அஞ்சலை முகம் சிவந்து மந்திரியிடம் ஓடிவந்தாள். "ஐயா, என்னை வேறு யாரிடமாவது அனுப்புங்கள். இவரிடம் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. கேட்டால் ராஜ ரகசியம் என்கிறார்."

அவளை மாற்றிவிட்டால் ஆபத்தில்லை. ஆனால் ஆபத்தைத் தாண்டி வேறொன்றும் எழினியார் கண்ணுக்குத் தெரிந்தது. "மாறாதே அம்மா. ஒன்றும் இல்லையென்றால் ஒன்றும் இல்லை என்றே எழுது. எந்த நேரத்தில் இல்லை என்பதையும் சேர்த்து எழுது."

எட்டாம் நாள் சபையில் எள் விழ இடமில்லை. யானைப்பாகன் பின்னால் போனவன், யானைக்குக் காலில் புண் வந்தால் பார்க்க நாட்டில் இரண்டே பேர் இருக்கிறார்கள், மூன்றாவது ஆளாக நான் வருகிறேன் என்றான். சமையல்காரரிடம் போனவன், அடுப்புச் சூடு தனக்கு ஆகாது என்பதை இரண்டே நாளில் கண்டுகொண்டதாகவும், மீதி நாளெல்லாம் தச்சுப் பட்டறையில் கிடந்து அங்கேயே மனதைக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னான். ராஜா சிம்மாசனத்தின் நுனிக்கே வந்துவிட்டான். தன் அரண்மனையில் இத்தனை நடக்கிறது என்பது அவனுக்கே செய்தி. பதினோரு பேரில் ஒருவரும் திணறவில்லை.

கடைசியாக அஞ்சலை வந்து நின்றாள். "மகாராஜா, நான் பின்தொடர்ந்தவர் செய்யும் வேலை என்னவென்று என்னால் சொல்ல முடியவில்லை."

வீரசேகரர் துள்ளி எழுந்தார். ஒருத்தி திணறிவிட்டாள், உத்தரவு உத்தரவுதான் என்றார்.

எழினியார் பள்ளிக்கூடத்துச் சாவியை எடுத்து ஒரு தட்டில் வைத்து நீட்டினார். "தோற்றோம், மகாராஜா. அந்த வேலை இவள் கண்ணில் படவில்லை. நேற்று என்ன செய்தார் என்று வீரசேகரர் ஒரு வார்த்தை சொல்லட்டும், சாவி அவருக்கே."

"இதில் என்ன கஷ்டம்?" என்றார் வீரசேகரர். "தினமும் வெற்றிமுரசைப் பார்வையிடுகிறேன். நேற்றும் தடவிப் பார்த்தேன். கன்னத்தைப்போல வழவழவென்று இருக்கிறது."

அஞ்சலை தன் ஓலையைப் பிரித்தாள். ராஜா தலையசைக்க, நிறுத்தி நிதானமாக வாசித்தாள். "முதல் நாள். சூரியன் உச்சிக்கு வந்தபின் வந்தார். வெற்றிலை போட்டார். தூங்கினார். இரண்டாம் நாள். வரவில்லை. ஆறாம் நாள். முரசு மண்டபம் வரை நானே போனேன். பூட்டில் குளவி கூடு கட்டியிருக்கிறது. உள்ளே பூனைக்குட்டி கத்துகிறது."

ராஜா செருப்பைக்கூடப் போடாமல் இறங்கி நடந்தான். சபையே பின்னால் ஓடியது. பூட்டை உடைத்துப் பார்த்தால், முரசின் தோல் நடுவே கிழிந்து கிடக்கிறது. அந்த ஓட்டை வழியாகத் தாய்ப்பூனை ஒன்று தலையை நீட்டி, இவ்வளவு கூட்டம் எதற்கு என்பதுபோல ராஜாவைப் பார்த்தது.

"வீரசேகரரே, கன்னத்தைப்போல என்றீர்களே, இது யாருடைய கன்னம்?"

ராஜா அஞ்சலை பக்கம் திரும்பினான். உத்தரவில் பாதி இன்னும் பாக்கி இருந்தது. "நீ செய்யப்போகும் வேலை எது?"

இதை எழினியார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

"இந்த ஏழு நாளும் செய்ததுதான், மகாராஜா. காலையில் ஓர் அலுவலகத்துக்குப் போவேன். அங்கே நடப்பதைப் பார்ப்பேன். மாலையில் எழுதி உங்களிடம் கொடுப்பேன்."

கூட்டத்தில் நின்ற அதிகாரிகள் பலருக்கு அப்போதே வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. ராஜாவோ குதூகலத்தில் தன் கழுத்து மாலையைக் கழற்றி அவளுக்குப் போட்டு, அந்தப் பதவியை அங்கேயே உண்டாக்கினான். சாவியைத் தட்டோடு எழினியாரிடம் திருப்பிக் கொடுத்தான். வீரசேகரருக்கும் ஓர் உத்தரவு கிடைத்தது: பள்ளிக்கூடத்தில் பதின்மூன்றாவது மாணவர். தனக்கு ஏற்ற வேலையை ஏழு நாளில் கண்டுபிடித்துச் சபையில் சொல்ல வேண்டும்.

எட்டாம் நாள் சபை கூடியது. வீரசேகரர் வரவில்லை. சேவகன் போய்த் தேடியதில், மனிதர் சமையலறையில் இடுப்பில் துண்டும் கையில் கரண்டியுமாக நின்றிருக்கிறார். உடனே வராவிட்டால் கண்காணிப்பாளர் பதவி வேறு ஆளுக்குப் போய்விடும் என்று சேவகன் மிரட்டிப் பார்த்திருக்கிறான்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். "போகட்டும் போப்பா. எனக்கு இங்கே பருப்பு பொங்குகிறது."